மிளகாய்ப் பொடி கௌபாய்

அத்தியாயம் 5

வாசலில் சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்த தாடிக்காரர் யூட்டைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு காசு வேண்டாம் என்று கையை விரித்தார்.

"வேஷம் போட்டு வந்தவர்களுக்கு இலவசம்."

யூட் குனிந்து தன்னையே ஒருமுறை பார்த்துக்கொண்டான். சாம்பல் நிற ஜாக்கெட். தள்ளுபடியில் வாங்கிய காற்சட்டை. தோள்வரை தொங்கும் தலைமுடி. அதுவும் சொந்த முடி.

"நான் வேஷமே போடவில்லையே" என்றான் ஜெர்மனில்.

"அதுதான் கலை!" தாடிக்காரரின் கண்கள் மின்னின. "எந்தச் செவ்விந்தியப் பழங்குடி?"

"யாழ்ப்பாணம்."

தாடிக்காரர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். பின்னால் நின்ற சாரதியிடம் மட்டும் முழுக் கட்டணம் வாங்கினார். டை கட்டிய மனிதனை எந்தக் காட்டிலும் யாரும் நம்புவதில்லை.

"அண்ணை, சின்ன வயசில இருந்து இந்த நாட்டில இருக்கிறன். என்ர நிறத்தால ஒரு நன்மை கிடைச்சது இண்டைக்குத்தான்."

"சந்தோஷம்" என்றார் சாரதி.

சாரதி அவ்வளவுதான் பேசுவார். முழுப்பெயர் பார்த்தசாரதி. சென்னையிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்காக பான் நகரத்துக்கு வந்தவர். கம்பெனி மூடப்பட்டது. ஊருக்குத் திரும்பவில்லை. ஹம் நகரில் ஒரு தமிழ்க் கடைக்கு மேலே அறை எடுத்து, துப்பறியும் நிலையம் என்று பலகை மாட்டிவிட்டார். 'கீழே கறிவேப்பிலை, மேலே கண்டுபிடிப்பு' என்று அவருடைய உதவியாளன் யூட் ஒரு விளம்பர வாசகம் எழுதிக் கொடுத்தான். சாரதி அதைப் படித்தார், மடித்தார், மேசைக்கால் ஆடாமல் இருக்க அடியில் வைத்தார்.

கூட்டம் அவர்களை உள்ளே தள்ளிக்கொண்டு போனது.

ஹிர்ஷன்ரோட் மலையடிவார ஊர். இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் கனடா நாட்டுச் சிப்பாய்கள் இங்கே வெகுகாலம் முகாம் போட்டிருந்தார்கள். போகும்போது பீரங்கிகளை எடுத்துக்கொண்டு கிதார்களை விட்டுப்போனார்கள் என்று ஊரார் சொல்வார்கள். அதிலிருந்து ஊருக்குக் கிராமியப் பாட்டுப் பைத்தியம் பிடித்தது. அமெரிக்கக் குதிரைக்காரன் தன் காதலியையும் லாரியையும் ஒரே நாளில் இழந்துவிட்டுப் பாடுகிற வகைப் பாட்டு. செப்டம்பர் வந்தால் கசாப்புக்கடைக்காரர் முதல் நகரசபைத் தலைவர் வரை எல்லோரும் கௌபாய்கள். பொழுது சாய்ந்தால் மூன்று தெருக்களும் முப்பது மதுக்கடைகளும் ஒரே வெளிச்சம். அந்தப் பாட்டுக்குப் பேர்போன அமெரிக்க நகரத்தின் பேரை ரயில் நிலையப் பலகையிலேயே எழுதிவிட்டார்கள்: 'ஜெர்மனியின் நாஷ்வில் உங்களை வரவேற்கிறது.'

இந்தக் கூட்டத்துக்குள் ஒரு மாமியாரைத் தேட வேண்டும்.

மாமியாரின் பெயர் பாமா. திருச்சியில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இளைய மகள் நிருபமாவின் பிரசவத்துக்காக பான் நகரம் வந்தார். குழந்தை பிறந்தது, வளர்கிறது. நேற்று வெள்ளிக்கிழமை காலை வீடு எழுந்து பார்த்தபோது பாமா இல்லை. போலீஸ் சிரித்துவிட்டது. வயது வந்த பெண்மணி பகலில் வெளியே போவது குற்றமல்ல.

இன்று காலை நிருபமா வீட்டுச் சமையலறையில் சாரதி கால் மணி நேரம் நின்றார். நிருபமா அழுதாள். கையிலிருந்த குழந்தை அவளைவிட நிதானமாக இருந்தது.

"அம்மாகிட்ட நான் கேட்கல சார். சொன்னேன். திங்கக்கிழமை நான் லேபுக்குத் திரும்பணும். போகலைன்னா அந்த இடம் வேற ஆளுக்குப் போயிடும். அதனால அன்னிக்கே வெளிநாட்டவர் ஆபீஸ்ல அப்பாயிண்ட்மெண்ட் வாங்கிட்டேன், அம்மா விசாவ இன்னும் மூணு மாசம் நீட்டிக்க. புதன்கிழமை சொன்னேன். அவ வாழைக்காய நறுக்கிட்டே இருந்தா." மூக்கை உறிஞ்சினாள். "லேப் போனா போகட்டும் சார். கோவிச்சுக்கிட்டுப் போயிருந்தா? அதுதான் என்னால தாங்க முடியல."

சாரதி ஆறுதல் சொல்லவில்லை. குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தார். வெள்ளிக்கு வத்தக்குழம்பு, சனிக்குப் பருப்புத் துவையல், ஞாயிறுக்கு எலுமிச்சைச் சாதம் என்று டப்பாக்கள் வரிசையாக இருந்தன.

"கோவிச்சுக்கிட்டுப் போறவங்க ஞாயித்துக்கிழமைக்கு எலுமிச்சம்பழம் பிழிய மாட்டாங்க" என்றார்.

பிறகு அம்மாவின் போட்டோ கேட்டார். கம்ப்யூட்டரில் நூற்றுக்கணக்கில் இருந்தன. எல்லாவற்றிலும் பாமா ஏதோ ஒரு அடுப்புக்கு முன்னால். பெரும்பாலும் மெரூன் புடவை, கையில் கரண்டி, அல்லது குழந்தை, அல்லது இரண்டும். ஒன்றில் அடுப்பு வேறு, குழந்தை வேறு.

"இது அமெரிக்காவுல. அக்கா மீராவோட பிரசவத்துக்குப் போனப்ப. அவங்க நாஷ்வில்ல இருக்காங்க."

சாரதி சமையலறை ரேடியோவைத் திருகினார். திடீரென்று பாஞ்சோ வாத்தியம் துள்ளிக் குதித்தது. ஒரு ஆள் மூக்கால் பாடினான்.

"இது யார் கேக்கறது?"

"யாரும் கேட்க மாட்டோமே" என்றான் நிருபமாவின் கணவன் கோகுல். ஆறடி உயரம், கழுத்தில் எந்நேரமும் ஒரு ஹெட்ஃபோன். தன் பழைய ஜீன்ஸ் ஒன்றைக் காணவில்லை, அது துணிகளோடு கலந்திருக்கும் என்று தேடிக்கொண்டிருந்தான்.

"உங்க அத்தை உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா?"

"அத்தையா? என்கிட்ட நேரா பேசவே மாட்டாங்க சார். மாப்பிள்ளைன்னு அவ்வளவு மரியாதை. காப்பி ரெடின்னா பாப்பாகிட்ட சொல்லுவாங்க."

"பாப்பா பொறந்து ரெண்டு மாசந்தானே ஆச்சு. அதுக்கு முன்னாடி?"

கோகுல் யோசித்தான். "மிக்ஸிகிட்ட."

அந்த நேரத்தில் ரேடியோவில் அறிவிப்பாளர் குறுக்கிட்டார். இந்த வாரக்கடைசி ஹிர்ஷன்ரோடில் திருவிழா, ஜெர்மனியின் நாஷ்வில் அழைக்கிறது. சாரதி ரேடியோவை அணைத்துவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டார்.

அப்படித்தான் வந்து சேர்ந்தார்கள்.

"அண்ணை, அங்கை பாருங்கோ! மெரூன் சீலை!"

யூட் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினான். பட்டு மின்னியது. பின்கொண்டை தெரிந்தது. "அன்ரி, நில்லுங்கோ! உங்கட மகள் அழுறா!" என்று தோளைத் தொட்டான்.

திரும்பிய முகம் நீலக்கண்களும் சிவந்த கன்னங்களுமாக இருந்தது. அந்த அம்மாள் போர்த்தியிருந்தது மெக்சிகோக் கம்பளி. அவருக்கு மகளே இல்லை. ஆனால் இவ்வளவு உருக்கமாக யாரும் அவரை அழைத்து வருஷக்கணக்காகிவிட்டது என்று சொல்லி, யூட்டை விடாமல் ஒரு நடனத்துக்கு இழுத்தார். சாரதி வந்து மீட்க வேண்டியதாயிற்று.

"சீலையைத் தேடாதே" என்றார்.

"பிறகு எதைத் தேட? திருச்சி அன்ரி சீலை கட்டாமல் இரும்புச் சட்டையோ போடப்போறா?"

சாரதி மூக்கைத் தூக்கினார். காற்றில் சுட்ட மாட்டிறைச்சி, வெங்காயம் போட்டு மணிக்கணக்கில் வெந்த இறைச்சிக் குழம்பு, கறுப்பு ரொட்டி, சரம் சரமாய்த் தொங்கும் தொத்திறைச்சி, எல்லாம் கலந்து அடித்தன.

"அம்மா சைவம். இந்த ஊர்ல சைவமா என்ன கிடைக்கும்?"

யூட் விரல்விட்டு எண்ணத் தொடங்கி, ஒரு விரலிலேயே நிறுத்திக்கொண்டான். "கிழங்கு அடை."

உருளைக்கிழங்கைத் துருவி எண்ணெயில் பொரித்து, மேலே ஆப்பிள் கூழ் ஊற்றித் தருவார்கள். அந்தக் கடை மணிக்கூண்டுக்குக் கீழே இருந்தது. கடைக்கார அம்மாளின் கண்களில் நீர் வழிந்தது. மூக்கு சிவந்திருந்தது.

"என்ன நடந்தது?" என்று கேட்டான் யூட்.

"ஒரு கௌபாய்" என்றார் அவர், ஏப்ரனால் கண்ணைத் துடைத்தபடி. "நேற்றும் வந்தான். இன்றும் வந்தான், முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு. முதலில், தொத்திறைச்சி பொரித்த எண்ணெயா என்று கேட்டான். இல்லை என்றதும் கும்பிட்டான். பிறகு என் ஆப்பிள் கூழை, என் அம்மா காலத்துப் பக்குவத்தை, ஓரமாகத் தள்ளினான். கைப்பையிலிருந்து ஒரு சிவப்புப் பொடியை எடுத்துத் தூவினான். மேலே எண்ணெய் விட்டான்!"

"கௌபாயிட்டைக் கைப்பையா?" என்று யூட் தமிழில் முணுமுணுத்தான்.

"எனக்கும் கொஞ்சம் கொடு என்றேன். வேண்டாம், காரம் என்றான். இது என் கடை என்றேன்." கடைக்காரர் ஒரு பெரிய தும்மல் போட்டார். "தெய்வமே. இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?"

சாரதி கேட்டார். "எவ்வளவு உயரம்?"

அவர் தன் தோளைக் காட்டினார்.

"ஜீன்ஸா?"

"கீழே மூன்று மடிப்பு மடித்திருந்தான். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டிருந்தது."

யூட்டின் முகம் பிரகாசித்தது. வாழ்நாளில் முதல் தடவையாகத் தானே ஒரு வழக்கை முடித்துவிட்ட பிரகாசம். "அண்ணை! மருமகன்தான் கள்ளன்! தன்ர ஜீன்ஸைத் தானே களவெடுத்துப் போட்டுக்கொண்டு..."

"கோகுல் ஆறடி. மடிக்க என்ன இருக்கு?"

"அப்ப வேறை ஆர் அவன்ர ஜீன்ஸைப் போட்டு..."

யூட்டின் வாய் திறந்தபடியே நின்றது. சாரதி ஒரு கிழங்கு அடை வாங்கி அதில் வைத்தார்.

கடைக்காரர் கையை நீட்டிக் காட்டினார். அந்தக் கௌபாய் தின்று முடித்ததும் பெரிய கொட்டகைக்குள் போனானாம். அங்கே இப்போது கொள்ளைக்காரர் நடனம்.

கொட்டகை வாசலில் இருவரும் நின்றார்கள். உள்ளே நாற்பது பேருக்குக் குறையாது. எல்லோருக்கும் ஒரே மாதிரித் தொப்பி, கண்ணுக்குக் கீழே மூக்கையும் வாயையும் மறைத்துக் கட்டிய ஒரே மாதிரிச் சிவப்புக் கைக்குட்டை. கைகளில் கையுறை. வரிசை வரிசையாக நின்று, ஒன்றாக வலம் போய், ஒன்றாகக் குதிகால் தட்டி, ஒன்றாகத் திரும்பினார்கள். மேடையில் ஒரு பெண் ஒலிபெருக்கியில் அடிகளை அறிவித்துக்கொண்டிருந்தாள். குள்ளமானவர்கள் மட்டும் பதினைந்து பேர் தேறுவார்கள்.

"பேரைச் சொல்லிக் கூப்பிடுவமே?"

"கோவத்துல வந்திருந்தா ஓடிடுவாங்க. பின்னால மூணு வாசல்."

"கைக்குட்டையை ஒவ்வொண்டாய் இழுத்துப் பாத்தால்?"

"அடி விழும்." சாரதி நடனத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார். கடைசி ரயிலைப் பற்றி ஒருபோதும் கவலைப்படாத மனிதர் அவர். எங்கேயும் எவ்வளவு நேரமும் நிற்பார். "நீ யாரையாவது கால்ல மிதிச்சா என்ன பண்ணுவ?"

"சொறி எண்டுவன்."

"அதுக்கு முன்னாடி?"

யூட் யோசித்தான். அவன் கை தானாகக் கீழே போய், இல்லாத ஒருவரைத் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டது. அவன் அந்தக் கையையே வியப்போடு பார்த்தான். அம்மா அடித்துப் பழக்கியது, தேவாலயத்திலும் விடவில்லை, தொழிற்சாலையிலும் விடவில்லை.

"ஓம்" என்றான். "மிதிச்சால் தொட்டுக் கும்பிடாமல் ஏலாது." பிறகுதான் அவனுக்கு முழுவதும் விளங்கியது. "அண்ணை. ஆரின்ர கால்?"

"உன்னுது."

"ஏன் உங்கட கால் இல்லை?"

"நான் டை கட்டியிருக்கேன்."

தொப்பியும் கைக்குட்டையும் வாசலில் வாடகைக்குக் கிடைத்தன. யூட் கடைசி வரிசையில் நுழைந்தான். எல்லோரும் வலம் போகும்போது அவன் இடம் போனான். கிடைத்த பூட்ஸின் கீழெல்லாம் தன் காலை வைத்தான்.

முதல் கொள்ளைக்காரர் "ஹொப்லா!" என்று சொல்லிவிட்டு ஆடினார். இரண்டாமவர் முறைத்தார். மூன்றாமவர் மன்னிப்புக் கேட்டு, தவறு யூட்டுடையதுதான் என்பதை வரைபடம் போடாத குறையாக விளக்கினார். நான்காமவர் எருமைக் கனம். யூட்டின் கண்களில் கிழங்கு அடைக்காரியின் கண்ணீர் வந்தது. வாசலில் நின்ற சாரதியைப் பார்த்தான். சாரதி அடுத்த வரிசையைக் கைகாட்டினார்.

அடுத்தடுத்த வரிசைகளில் ஆறு பேர் மிதித்தார்கள். முன்னாலிருந்து இரண்டாவது வரிசையில் ஏழாவது மிதி பூனை மிதித்த மாதிரி விழுந்தது. பூட்ஸ் இல்லை, ரப்பர் காலணி. மிதித்த கொள்ளைக்காரர் தாளம் தப்பாமல் குனிந்தார். கையுறைக் கை யூட்டின் முழங்காலைத் தொட்டது. இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டது. நிமிர்ந்து திரும்பிக் குதிகால் தட்டியது.

யூட் "அண்ணை!" என்று கத்த வாயெடுத்தான்.

ஆனால் வரிசை நடனத்தில் ஒரு விதி உண்டு. அடி தெரியாதவர்கள் முன்னால் இருப்பவரைப் பார்த்து ஆடுவார்கள். பின்வரிசை முழுக்க அடி தெரியாதவர்கள். புதிய அடி ஒன்று வந்துவிட்டதென்று நினைத்து எல்லோரும் பக்கத்து ஆளின் காலை மிதித்தார்கள். குனிந்தார்கள். முழங்காலைத் தொட்டார்கள். கண்ணில் ஒற்றினார்கள். அதற்குப் பின்வரிசையும் மிதித்தது. அடுத்த திருப்பத்தில் முன்வரிசைகளும் சேர்ந்துகொண்டன. மேடையில் இருந்த பெண் ஒரு கணம் திகைத்தாள். பிறகு ஒலிபெருக்கியில் கூவினாள்: "அற்புதம்! இன்னொரு முறை! மிதி, குனி, தொடு, கண்!"

நாற்பது கொள்ளைக்காரர்கள் ஒருவரையொருவர் மிதித்து மரியாதை செய்தார்கள்.

அந்தக் குழப்பத்தில் ஆளைத் தவறவிட்ட யூட், பாய்ந்து ஒரு குள்ளமான கொள்ளைக்காரரின் தோளைப் பிடித்தான். "அன்ரி! பிடிபட்டிட்டியள்!" கைக்குட்டையை இறக்கினால் மீசை இருந்தது. பாடர்போர்ன் நகரத்துப் பல்மருத்துவர். யூட் அவரிடம் மன்னிப்புக் கேட்டு, பழக்கதோஷத்தில் அவர் முழங்காலையும் தொட்டுக் கண்ணில் ஒற்றினான். பல்மருத்துவர் அகமகிழ்ந்து திருப்பிச் செய்தார்.

அதற்குள் சாரதி நடனத்துக்குக் குறுக்கே நேராக நடந்து வந்து, இரண்டாவது வரிசையின் ஓரத்தில் இருந்த சிறிய கௌபாயின் முன்னால் நின்றார். கைகூப்பினார்.

"வணக்கம்மா. நிருபமா அனுப்பினாங்க."

கௌபாய் நின்றார். கைக்குட்டை மெதுவாக இறங்கியது. இரண்டு பக்கமும் வைர மூக்குத்தி மின்னியது.

முதல் கேள்வி யூட்டிடம் வந்தது. "தம்பி, உன் காலைத்தானே மிதிச்சேன்? ரொம்ப வலிக்குதாப்பா?"

"உங்கட கால் பரவாயில்லை அன்ரி. மற்ற ஆக்களுக்கு நான் வழக்குப் போடப்போறன்."

வெளியே மரப்பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பாமா ஆப்பிள் சாறு வாங்கினார். புட்டியை உதட்டில் படாமல் உயரத் தூக்கி, அண்ணாந்து, ஒரு சொட்டு சிந்தாமல் குடித்தார். பக்கத்துப் பெஞ்சில் பியர் குடித்துக்கொண்டிருந்த இரண்டு கௌபாய்கள் கைதட்டினார்கள்.

"என்னை எதுக்குத் தேடறீங்க? நான் என்ன தொலைஞ்சா போனேன்?" என்றார் பாமா. "ரயில்ல ஹம் வரைக்கும் தனியாத்தான் வந்தேன். அங்க தொப்பி போட்ட நாலு பொம்பளைங்க. அவங்க டிக்கெட்டுல அஞ்சு பேர் போலாமாம். நீ வர்றியான்னு கேட்டாங்க. அதுல ஒருத்தியோட தங்கச்சி வீடு இங்கதான். சுத்தமான வீடு. ராத்திரி ரசம் வெச்சுக் குடுத்தேன். அழுதுட்டாங்க."

"இங்க ஏன்?" என்றார் சாரதி.

பாமா தெருவைப் பார்த்தார். விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கியிருந்தன.

"மூத்தவ வீடு நாஷ்வில்ல. ஊரே பாட்டுக்குப் பேர்போனதாம். சாப்பாடு பிரமாதமாம். ராத்திரியானா தெருவே திருவிழாவாம். ஆறு மாசம் இருந்தேன் அங்க. பக்கத்து வீட்டு லாரிக்காரன் சாயந்திரமானா பாட்டு வைப்பான். ஜன்னலைத் திறந்து வெச்சுக் கேட்பேன். ஒரு நாள் போலாம்மான்னா மீரா. குழந்தைக்குக் காய்ச்சல். அப்புறம் பனி. அப்புறம் என் டிக்கெட் தேதி." புட்டியைக் கீழே வைத்தார். "திருச்சியில எல்லாரும் கேட்டாங்க, நாஷ்வில் எப்படின்னு. நான் பார்த்த நாஷ்வில்ல ஒரு சிங்க், நாலு பர்னர். நல்லா இருந்துதுன்னு சொன்னேன்."

 

சாரதி செல்போனை எடுத்து நிருபமாவை அழைத்தார். ஒலிபெருக்கிப் பொத்தானை அமுக்கிப் பெஞ்சில் வைத்தார். "கிடைச்சுட்டாங்க. நல்லா இருக்காங்க. பேசுங்க."

ஒரு விம்மல் கேட்டது. "அம்மா... என் மேல கோவமா?"

"எதுக்குடி கோவம்?"

"சொல்லாம போயிட்டியேம்மா!"

"யாரு சொல்லாம போனா?" பாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "வியாழக்கிழமை ராத்திரி சொல்லிட்டுத்தானே வந்தேன்."

"யார்கிட்ட?"

"மாப்பிள்ளைகிட்ட."

மறுமுனையில் ஏதோ கீழே விழுந்தது. கோகுலின் குரல் பதறியது. "என்கிட்டயா? சத்தியமா இல்ல! அத்தை என்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல நிரு, உனக்கே தெரியும்!"

சாரதி போன் பக்கம் குனிந்தார். "கோகுல். வியாழக்கிழமை ராத்திரி அவங்க பாப்பாகிட்ட என்ன சொன்னாங்க?"

கொட்டகையில் ஒரு பாட்டு முடிந்து இன்னொன்று ஆரம்பித்தது.

"நான் லேப்டாப்ல இருந்தேன் சார்" என்றான் கோகுல், கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி. "அத்தை பாப்பாவைத் தோள்ல போட்டுத் தட்டிட்டே... 'காலையில நான் ஊர் பார்க்கப் போறேன், ஞாயித்துக்கிழமை ராத்திரி வந்துடுவேன், சாப்பாடெல்லாம் எடுத்து வெச்சிருக்கேன், அம்மாகிட்ட சொல்லிடச் சொல்லு, அந்தப் பழைய ஜீன்ஸை எடுத்துக்கட்டுமான்னு உங்கப்பாவைக் கேளு'ன்னாங்க..."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"'ம்'னேன்."

"ஏன்?"

"தாலாட்டுன்னு நினைச்சேன் சார்."

"கேட்டீங்களா?" பாமா சாரதியையும் யூட்டையும் ஜெயித்த வக்கீல் மாதிரி பார்த்தார். "முறையா அனுமதி வாங்கிட்டுத்தான் வந்திருக்கேன்."

"கோகுல்!" என்று நிருபமா கத்தியதில் பெஞ்சுக்கடியில் படுத்திருந்த நாய் எழுந்து இடம் மாறியது.

"அவரைத் திட்டாதே. உன்கிட்ட நேரா சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்பே? 'அடுத்த வாரம் நானே கூட்டிட்டுப் போறேம்மா'ம்பே. அந்த அடுத்த வாரத்தை எனக்கு நல்லாத் தெரியும். அமெரிக்காவுலயே பழக்கம்."

நிருபமாவின் குரல் சின்னதாகிவிட்டது. "திங்கக்கிழமை... அந்த விசா..."

"அதை நீ கேட்கவே இல்லியே நிரு. சொன்னே."

"இப்ப கேட்கறேன்மா. இருப்பியா? முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லு. லேப்ல நான் பேசிக்கிறேன். வேற யாராவது போயிட்டுப் போகட்டும். நிஜமாத்தான் சொல்றேன்."

யூட் சாரதியைப் பார்த்தான். சாரதி தரையைப் பார்த்தார். பாமா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து, அதன் விளிம்பை ஒரு சுற்றுத் தடவினார்.

"என் விசாவுல என்னடி போட்டிருக்கு? ஊர் சுற்றிப் பார்க்கன்னு போட்டிருக்கு. நேத்துதான் ஆரம்பிச்சிருக்கேன்." தொப்பியை நேராக்கினார். "மூணு மாசம் பத்தாது. ஆனாலும் இருக்கேன். திங்கள்லேருந்து வெள்ளி வரைக்கும் குழந்தை என் பொறுப்பு. நீ நிம்மதியா லேபுக்குப் போ. சனி ஞாயிறு நான் கிடையாது. எங்க போறேன்னு சொல்லிட்டுப் போவேன். வேண்டாம்னு சொல்லக் கூடாது. சரியா?"

"சரிம்மா." அழுகையும் சிரிப்பும் கலந்து வந்தது. "அங்க எப்படிம்மா இருக்கு?"

"வந்து சொல்றேன், விடிய விடியச் சொல்லணும். இப்ப மாப்பிள்ளைகிட்ட குடு."

போன் கை மாறியது. கோகுல் பணிவாகச் சொன்னான். "அத்தை, பாப்பா தூங்கறா. எழுப்பட்டுமா?"

"வேண்டாம்" என்றார் பாமா. ஒரு கணம் தயங்கினார். கன்னம் லேசாகச் சிவந்தது. தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்திக்கொண்டார். "உங்ககிட்டதான் பேசணும், மாப்பிள்ளை."

மறுமுனையில் நாற்காலி நகர்ந்தது. கோகுல் எழுந்து நின்றிருக்க வேண்டும்.

"சனி ஞாயிறு சமையல் உங்களோடது. நாளைக்கு ராத்திரி வந்ததும் ரசத்துல ஆரம்பிக்கலாம், நான் பக்கத்துல நின்னு சொல்லித் தரேன்."

"ம்."

"'ம்' வேண்டாம் மாப்பிள்ளை. வாயைத் திறந்து சொல்லுங்க."

"சரிங்க அத்தை."

பாமா போனை அணைத்துச் சாரதியிடம் நீட்டினார். கைக்குட்டையை மூக்குவரை ஏற்றிக் கட்டிக்கொண்டு, கொட்டகைக்குள் ஓடினார்.